குழாயின் மறுமுனை

"அந்த முனையைப் புடிங்க."

அந்தம்மா என்னிடம் முதன்முதலில் பேசிய பேச்சு இதுதான். ஒரு வணக்கம் கிடையாது. நீங்கள் யார், இந்தக் காட்டுக்கு நீங்கள்தான் சொந்தக்காரரா என்ற கேள்வி கிடையாது. என் முந்திரிக்காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, என் கையிலேயே ஒரு பிளாஸ்டிக் குழாயின் நுனியைத் திணித்துவிட்டு, மறு நுனியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்கு இடையில் போய்விட்டார்.

நான் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாக நுழைந்து, மண்வெட்டி பிடித்து, மேஸ்திரியாகி, மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய ஜேசிபி ஒன்று வாங்கி, அந்த ஒன்றை நாலாக்கினவன் நான். மூன்றாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. ஆனால் பெரிய படிப்பு படித்தவன் எல்லாம் என் ஷெட் வாசலில் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தது உண்டு. எனக்கு யாரும் பாதை போட்டுத் தரவில்லை. பாதை போடுகிற மெஷினையே நான் வாங்கினேன். அப்படிப்பட்டவன், எதற்கென்று தெரியாமல், என் சொந்தக் காட்டில் கால் மணி நேரம் குழாய் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தம்மா ஒரு இடத்தில் குச்சி நட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து சுண்ணாம்புப் பொடியை எடுத்துக் குச்சிக்குக் குச்சி கோடு இழுத்துக்கொண்டே வந்தார். கோடு நேராக வரவில்லை. பாம்பு போல வளைந்து, என் மரங்களைச் சுற்றி, காட்டின் குறுக்கே போயிற்று.

"இன்னா கோடு இது?" என்றேன்.

"மட்டக்கோடு மேஸ்திரி. இந்தக் கோட்டு மேலதான் குழி வரும்."

என்னைத் தெரிந்துதான் குழாயைக் கொடுத்திருக்கிறார். அதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. செருப்புக் காலாலேயே அந்தச் சுண்ணாம்பைக் கலைத்தேன். நாலைந்து முழம் கலைத்திருப்பேன். அந்தம்மா குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். கலைத்த இடத்தை ஒரு தரம் பார்த்தார். "கோடு போனா போவுது. மட்டம் அங்கியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த நாளில் நான் 'அவள்' என்றுதான் சொல்வேன். காலனியிலிருந்து எங்கள் மேட்டுக்கு வருகிறவர்கள் கூலிக்கு முந்திரிக்கொட்டை பொறுக்கத்தான் வருவார்கள். மட்டம் பார்க்க எவரும் வந்ததில்லை. இப்போது மரியாதை கொடுத்து எழுதுகிறேன் என்றால் அது நானாகக் கொடுத்தது இல்லை. அந்தம்மா பிடுங்கிக்கொண்டது.

பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே எவனாவது தேடிப்பிடித்து மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்துவான். மேட்டு உச்சியில் இன்றைக்கு ஒரு போர்டு நிற்கிறது. நீர்வடிப்பகுதித் திட்டம் என்று போட்டு, அதற்குக் கீழே ஏழெட்டுப் பெயர். முதல் பெயர் அப்போதைய பஞ்சாயத்துத் தலைவருடையது. என் பெயரும் இருக்கிறது, கடைசிக்கு முந்தி. அந்தம்மா பெயர் இல்லை. ஏனென்று கேட்டதற்கு, "போர்டு நட்ட எடம் தண்ணிக்குக் குறுக்க இல்லியே? அப்ப சரி" என்றார்.

ஆள் எப்படியிருப்பார் என்றால், ஒல்லி. உயரமும் இல்லை. புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. காலில் மைன்ஸில் கொடுத்த சேப்டி ஷூ. ஒரு ஷூவுக்கு லேஸ், இன்னொன்றுக்குச் சணல். தோளில் எப்போதும் அந்தக் குழாய். கொத்தனார்கள் வீடு கட்டும்போது மட்டம் பார்ப்பார்களே, உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே தெரிகிற குழாய், அதுதான். நாற்பது அடி இருக்கும். உள்ளே தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் இரண்டு துளி விட்டிருப்பார், தண்ணீர் எங்கே நிற்கிறதென்று கண்ணுக்குத் தெரிய. இந்த முனையிலும் அந்த முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். எந்த இரண்டு இடம் ஒரே மட்டம் என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். வேறு ஒரு கருவியும் வேண்டாம். மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் மட்டும் வேண்டும்.

அந்த ஆள் யாராக இருந்தாலும் அந்தம்மாவுக்குக் கவலையில்லை. வழியில் போகிறவன், சைக்கிளில் வருகிற போஸ்ட்மேன், திட்டத்தைப் பார்வையிட ஜீப்பில் வந்த அதிகாரி, எல்லாரும் பிடித்திருக்கிறார்கள். அதிகாரி கூலிங்கிளாஸைக் கழற்றி உதவியாளனிடம் கொடுத்துவிட்டுப் பிடித்ததை நானே பார்த்தேன். "கட்டை விரலால அடைச்சிக்கினு நடங்க சார், தண்ணி சிந்திடும்" என்று அவரையே அதட்டினார்.

மைன்ஸ் கான்ட்ராக்டில் இருந்த காலத்தில் அந்தம்மாவுக்கு சர்வே ஆட்களோடு போகிற வேலை. உயரமான அளவுகோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கவேண்டும். தூரத்தில் இன்ஜினியர் முக்காலி மேல் கருவியை நிறுத்திக் கண்ணை வைத்துப் பார்ப்பார். கோல் இம்மி சாயக்கூடாது.

"எட்டு வருசம் கோலப் புடிச்சிக்கினு நின்னேன் மேஸ்திரி. ஒருத்தரும் ஒரு நாளு, வாம்மா, நீயும் இந்தக் கண்ணாடியில பாருன்னு சொல்லல. அதான் நானே ஒண்ணு வாங்கிக்கினேன்" என்று ஒரு நாள் குழாயைத் தட்டிக்காட்டிச் சொன்னார். சொல்லும்போது வருத்தம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் பக்கத்து நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். மலை கிடையாது. செம்மண் மேடு உண்டு, அதில் முந்திரி. உச்சியில் தலைவர் காடு, அதற்குக் கீழே என் காடு. மேட்டிலிருந்து ஒரு ஓடை இறங்குகிறது. இறங்கி, ஒரு இடத்தில் வளைந்து, காலனியை உரசிக்கொண்டு போய் ஏரியில் விழுகிறது. ஏரிக்குக் கீழே நெல் வயல். உச்சியில் விழுகிற மழை எந்த வழியாகப் போய் எங்கே சேருகிறதோ அவ்வளவும் ஒரே குடும்பம், அதைத் துண்டு துண்டாகப் பார்க்கக்கூடாது, முதலில் மேட்டைச் சரிசெய், அப்புறம் சரிவு, ஏரி கடைசி. திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். வட்டாரத்து ஆபீஸில் அழகாகப் படம்கூடப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் படத்தை நம்பினவர் எங்கள் ஊரில் ஒரே ஒருத்தர். திட்டத்துக்காக ஊரில் ஒரு கமிட்டி போட்டபோது காலனி சார்பில் அவரைச் சேர்த்திருந்தார்கள். கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே என்று சேர்த்தது. தப்பான ஆளைச் சேர்த்துவிட்டார்கள்.

கமிட்டிக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. தலைவருக்கு முதலில் ஏரியைத் தூர் வாரவேண்டும். எனக்கும் அதுதான் தோது. ஏரிக்குள் மெஷினை இறக்கிவிட்டால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஓடும், டீசலும் மிச்சம். அந்தம்மா எழுந்து நின்றார்.

"மேல ஒண்ணும் செய்யாம ஏரியத் தூர் வாரி இன்னா பண்ணப் போறீங்க? அடுத்த மழையில வர்ற மண்ணுக்கு எடம் பண்ணித் தர்றீங்க."

நான்தான் பதில் சொன்னேன். அந்தக் காலத்தில் கூட்டத்தைச் சிரிக்கவைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. "ஏரின்னா மெஷின் எறங்கும். மேட்டுல இன்னாம்மா வேல? மார்கழி மாசத்துக்கு மரத்துக்கு மரம் கோலம் போடச் சொல்றியா?" என்றேன். என் காட்டில் சுண்ணாம்புக் கோடு போட்ட கதை அதற்குள் ஊருக்கே தெரியும். தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

அந்தம்மா உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு தீர்மான நோட்டு எழுதுகிற வாத்தியார் பக்கம் திரும்பி, "சிரிச்சி முடிச்சாங்களா? நான் சொன்னத எழுதிக்கோங்க சார். தோத்தாலும் எழுதணும்" என்றார். வாத்தியார் தலைவரைப் பார்த்தார். "அவர ஏன் பாக்கறீங்க? பேனா உங்க கையிலதான இருக்குது" என்றார். வாத்தியார் எழுதினார்.

ஏரியைத் தூர் வாரினோம். என் மெஷின்தான். நல்ல வேலை, யாரும் குறை சொல்லமுடியாது, கரையெல்லாம் சீவி நிறுத்தினேன். அந்த ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. ஏரி நிரம்பிற்று, தலைவர் பூ தூவினார். சித்திரையில் வற்றியதும் அந்தம்மா கமிட்டியை ஏரிக்குள் கூட்டிப்போனார். மண்வெட்டியால் ஒரு குழி எடுத்தார். அடியில் எங்கள் ஏரிக்கே உரிய கருப்புக் களி. அதன் மேல் ஒரு முழத்துக்குச் சிவப்பு மண், வெட்டின கேக் மாதிரி தனியாகத் தெரிந்தது. தலைவரைக் கூப்பிட்டு, "கைய வுட்டுப் பாருங்க" என்றார். தலைவர் விடவில்லை. இயற்கை, அதை யார் தடுக்கமுடியும் என்று சொல்லிவிட்டுக் கரையேறினார். நானும் அவர் பின்னாலேயே ஏறினேன். எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்துவிட்டு இதை மறைத்தால் நன்றாக இருக்காது.

அந்தம்மா எப்போதும் சரியாகவே செய்தார் என்று சொல்லவரவில்லை. ஒரு தடவை தப்பும் செய்தார். மேட்டில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம் கொஞ்சம் இருந்தது. அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை என்பதால் காலனிப் பெண்களை வைத்து முதலில் அங்கே குழி வெட்டினார். மட்டக்குழி என்பது கிணறு மாதிரி இல்லை. சரிவுக்குக் குறுக்கே, முழங்கால் ஆழத்தில் நீளமாகப் போகிற பள்ளம். மேலிருந்து ஓடி வருகிற தண்ணீர் அதில் விழுந்து, நின்று, மண்ணுக்குள் இறங்கும். ஆனால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மட்டம் சரியாக இருக்கவேண்டும். சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி, அந்த முனையை உடைத்துக்கொண்டு போகும். குழி வெட்டாமலே இருந்திருக்கலாம். முதல் குழி அப்படித்தான் உடைந்தது. ஊரே போய்ப் பார்த்துச் சிரித்தது. நானும் வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.

அந்தம்மா எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை. உடைந்த இடத்தில் நின்றுகொண்டு, வந்து பார்த்த எல்லாரிடமும், "இது நான் செஞ்ச தப்பு. குழாயில குமிழி இருந்திருக்குது, நான் பாக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் மட்டம் பிசகிவிடுமாம். விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலே ஏற்றி வெளியே விட்ட பிறகுதான் அளக்கவேண்டும். "ரெண்டு வெரக்கட பிசகிப்போச்சி" என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். வெட்டின பெண்களைக் கூப்பிடாமல், ஒற்றை ஆளாக அந்தக் குழியை மூடிவிட்டு, பக்கத்தில் புதிதாக வெட்டினார். ஒன்பது நாள் ஆயிற்று. நான் தினமும் அந்த வழியாகத்தான் போவேன். பத்து நிமிஷத்தில் என் மெஷின் செய்கிற வேலை. அனுப்பவில்லை.

இப்போது என் கால்வாய்க்கு வருகிறேன்.

மைன்ஸில் எங்களுக்குத் தண்ணீர்தான் எதிரி. மழை என்றால் பம்பு. ஊற்று என்றால் பம்பு. வெட்டுகிற பள்ளத்தைச் சுற்றி மாலை போட்டது மாதிரி ஒரு கால்வாய் வெட்டி, வெளியே பெய்கிற மழை உள்ளே விழாமல் ஒதுக்கிவிடுவோம். அதில் நான் கெட்டிக்காரன். என் வயசுக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். காட்டை வாங்கினதும் முதல் வேலையாக அதே மாதிரி கால்வாயை என் முந்திரியைச் சுற்றி வெட்டினேன். தலைவர் காட்டிலிருந்து வருகிற தண்ணீரையும் சேர்த்து மடக்கி, சரிவில் நேராக இறக்கி, கல் பதித்து, ஓடை வளைவில் கொண்டுபோய்த் தள்ளினேன். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் என் காடு காய்ந்துவிடும். விருந்தாளி வந்தால் கூட்டிப்போய் அதைத்தான் காட்டுவேன். பிள்ளை படித்த பள்ளியைக் காட்டுகிறவன் உண்டு. நான் என் கால்வாயைக் காட்டினேன்.

அடுத்த கார்த்திகையில் ஒரு மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. என் கால்வாய் வேலை செய்கிற அழகைப் பார்க்க நான் குடையோடு காட்டில் நின்றேன். செக்கச்செவேலென்று தண்ணீர் சீறிக்கொண்டு இறங்குகிறது. அந்தத் தண்ணீரின் ஓரமாகவே கீழேயிருந்து ஒரு உருவம் ஏறி வந்தது. தலையில் யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தது. அந்தம்மாதான். மழை வந்தால் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுவோம்; அவர் தண்ணீர் வருகிற வழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறவர். அன்றைக்குக் காலனியில் பதினெட்டு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அதில் அவர் வீடும் ஒன்று. பானை சட்டியை எடுத்து வைக்காமல் இங்கே ஏறி வந்திருக்கிறார்.

கால்வாயின் அந்தப் பக்கம் நின்றார். தண்ணீர் இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"ஏம்மா, உன் வூட்டுல தண்ணி பூந்துக்கினு இருக்கும், இங்க இன்னா பண்ற?" என்றேன்.

"எங்கேர்ந்து வருதுன்னு பாக்க வந்தேன். பாத்துட்டேன்."

"என் காடு. என் கால்வா. என் காட்டுல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. வேணும்னா நீங்க வூட்ட ஒசத்திக் கட்டிக்கோங்க."

அந்தம்மா சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார். முகத்தில் மழை அடித்தது. துடைக்கவில்லை.

"மேஸ்திரி, நீங்க இன்னும் மைன்ஸ்க்குள்ளயே நிக்கிறீங்க. அங்க தண்ணிய வெளிய தள்ளுனா வேல முடிஞ்சிது. இங்க வெளின்னு ஒரு எடம் கெடையாது. நீங்க வெளின்னு நெனச்சிக்கினு தள்றது எங்க வூடு."

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்காக மனசு மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். பேச்சுக்கெல்லாம் மாறுகிற ஆளாக இருந்தால் நான் நாலு மெஷின் வாங்கியிருக்கமாட்டேன். போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் என் ஆபரேட்டர் வேலைக்கு வரவில்லை. இருக்கிறவர்களிலேயே நல்ல கை அவனுக்குத்தான். காலனிக்காரன். அவசர வேலை இருந்ததால் திட்டவேண்டும் என்றே நேராக அவன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் சேறு. அவனும் அவன் பெண்சாதியும் முறத்தால் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் குவிந்திருந்த சேற்றில் முந்திரிச் சருகு கிடந்தது. அதை விடுங்கள், முந்திரிச் சருகு எங்கேயும் கிடக்கும். சேற்றைக் குச்சியால் கிளறினேன். பாதி மக்கின கரும்புச் சக்கை எரு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் முந்திரிக்கு ஆலையிலிருந்து சக்கை எரு வாங்கிப் போட்டவன் நான் ஒருத்தன்தான். மூன்று லாரி, ஆவணியில் கொட்டினது. மரத்துக்கு மரம் நானே நின்று பரப்பச் சொன்னது.

என் எரு. என் மேல்மண். என் காட்டின் சத்து பூராவும் இவன் அடுப்பங்கரையில் கிடக்கிறது. அந்தம்மா சொன்னது காதில் ஏறவில்லை. இது நெஞ்சில் குத்திற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவிடமாட்டேன் என்று பீற்றிக்கொண்டு, வருஷா வருஷம் என் காட்டையே கரைத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டு, "மத்தியானம் வந்துடறேங்க மேஸ்திரி" என்றான்.

"வராத. வூட்டக் கழுவு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு வீடு தள்ளி அந்தம்மா தன் வாசலில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "கோடு போடணும்னா வந்து போடு. நாளைக்கே வெட்றேன். உங்க வூட்டுக்காக இல்ல, என் மண்ண நான் எவனுக்கும் தரமாட்டேன்" என்றேன்.

அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுக்காகன்னு தண்ணி கேக்காது மேஸ்திரி. ஈரம் காயட்டும், நாளான்னைக்கு வரேன்" என்றார்.

கால்வாயை மூடினேன். பதித்த கல்லையெல்லாம் பெயர்த்து ஓடையில் அங்கங்கே குறுக்காகப் போட்டுத் தடுப்பு வைத்தேன். குழாயின் ஒரு முனையை நானும் மறுமுனையை அந்தம்மாவும் பிடித்துக்கொண்டு நாலு நாள் காட்டை அளந்தோம். காட்டுக்காரர்கள் பேசாத பேச்சில்லை. கூட்டத்தில் கோலம் என்று சிரித்தவன் இப்போது காலனிக்காரி பின்னாலேயே கோலப்பொடி தூக்கிக்கொண்டு போகிறான் என்று டீக்கடையில் தலைவர் சொன்னதாக என் காதுக்கு வந்தது. வீட்டிலும் விடவில்லை. "நான் கூப்ட்டா கொடி கட்டக்கூட கயித்தப் புடிக்க மாட்டீங்க" என்றாள் என் மனைவி. நான் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் சிரிக்கிற வேலையைச் செய்துதான் நான் எப்போதும் மேலே வந்திருக்கிறேன்.

ஆபரேட்டரைக்கூட ஏற்றாமல் நானே மெஷினில் உட்கார்ந்து குழி வெட்டினேன். மொத்தம் பதினோரு குழி. கடைசிக் குழி முடிந்த அன்று, இப்படி ஒரு கை வேலை இந்த ஜில்லாவில் எவனுக்கும் வராது என்று எனக்கே தோன்றியது. அந்தம்மா வந்தார். ஒவ்வொன்றிலும் குழாயை வைத்தார். ஏழாவது குழியில் நின்றுவிட்டார்.

"இது ரெண்டு வெரக்கட சாஞ்சிருக்குது."

"மெஷின் வேலம்மா. ரெண்டு வெரக்கடையெல்லாம் ஒரு கணக்கா?"

"என் குழிய நான் ஒன்பது நாளு மூடுனேன். தெனம் நீங்க வண்டில போனீங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் மறுபடி வெட்டினேன். ஏழாவது குழியை மட்டுமில்லை. சந்தேகம் வந்துவிட்டதால் எட்டாவதையும் தொட்டு வெட்டினேன். அந்த மார்கழிக்குள் இன்னொரு மழை வந்தது. பதினோரு குழியிலும் தண்ணீர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தளும்பாமல் நின்றது. இவ்வளவு நாள் ஓடவிட்டு ரசித்தவன், நிற்கிற தண்ணீரை அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். அந்தம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் கண் மேல்பக்கம் இருந்தது. தலைவர் காட்டிலிருந்து வருகிற தண்ணீர், குழி நிரம்பினதும் வழிந்து, மறுபடி ஓடை வளைவுக்கே போய்க்கொண்டிருந்தது. அன்று காலனியில் பதினெட்டு வீட்டில் ஆறு வீட்டுக்குள் தண்ணீர்.

"மேல ஒரு காடு பாக்கி" என்றார்.

தலைவர் வழிக்கு வரவில்லை. கமிட்டியில் கேட்டோம், பார்க்கலாம் என்றார். வீட்டில் போய்க் கேட்டோம், ஆள் இல்லை என்றார்கள். பிறகு காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார். பழைய வேலியில் ஆடு நுழைகிறதாம்.

தை மாதம் ஒரு காலை. அந்தம்மா சொல்லி அனுப்பினார், போனேன். என் காட்டுக்கும் தலைவர் காட்டுக்கும் நடுவில் வேலியோரம் நின்றிருந்தார். அந்தப் பக்கம் தலைவர், இரண்டு ஆட்களோடு. யாரோ சொல்லி வந்திருக்கிறார். அந்தம்மா அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார். மட்டம் மட்டும் பார்த்துக்கொள்கிறோம், வெட்டுவது அப்புறம் உங்கள் இஷ்டம் என்றார். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் காட்டில் எவள் மட்டம் பார்ப்பது என்றார்.

அந்தம்மா குழாயின் ஒரு முனையை முள்கம்பிக்கு நடுவே நீட்டினார். கை வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சட்டைக்கையில் முள் மாட்டியிருந்தது.

"அந்த முனையைப் புடிங்க தலைவரே."

தலைவர் பிடிக்கவில்லை. அவர் ஆட்கள் சிரித்தார்கள். அந்தம்மா கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தெரியாது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்துகிற அளவுக்கு நின்றார். எட்டு வருஷம் கோல் பிடித்த கை, அசையவில்லை.

எனக்கு அப்போதே வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. மூட்டுவலி வேறு. கீழ்க்கம்பியைக் காலால் மிதித்து, மேல்கம்பியைக் கையால் தூக்கி, குனிந்து நுழைந்தேன். முதுகில் சட்டை கிழிந்தது. அந்தம்மா கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு தலைவருக்கு முன்னால் நின்றேன்.

"யோவ் மேஸ்திரி. அடுத்தவன் காட்டுல கால வெக்கிற. கேஸ் குடுப்பேன், உள்ள போவ" என்றார்.

"குடுங்க. ஒங்க காட்டுத் தண்ணி வருசா வருசம் என் காட்டுக்குள்ள வேலி தாண்டி வருது. என் காட்டத் தாண்டி இவங்க வூட்டுக்குள்ள போவுது. அதும்மேல மொதல்ல கேஸ் குடுங்க. அப்பறம் நான் வரேன்."

தலைவர் ஒரு அடி முன்னால் வந்தார். நான் நகரவில்லை. அவருடைய ஆள் ஒருத்தன் குழாய் மேல் கை வைத்தான். வையடா பார்க்கலாம் என்று நான் அவன் கண்ணைப் பார்த்தேன். நாலு மெஷினையும் விற்றாவது வழக்கு நடத்துவேன், இந்த முனையை விடமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல வசனம். சொல்லியிருந்தால் ஊர் பேசியிருக்கும்.

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தம்மா குரல் வந்தது.

"மேஸ்திரி, பேசாதீங்க, கை ஆடுது. ஒங்க பக்கத்துல குமிழி இருக்குது பாருங்க. தட்டுங்க."

பார்த்தேன். இருந்தது. சுண்டினேன். குமிழி கொஞ்சம் ஏறி, நின்று, மறுபடி ஏறி, நுனிக்கு வந்து உடைந்தது. நீலத் தண்ணீர் மேலும் கீழுமாக ஆடியது. குழாய் மேல் கை வைத்திருந்தவன், என்ன நினைத்தானோ, கையை எடுத்துவிட்டான். தலைவர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.